வண்டி போகாத கரை

அந்தக் கல்லு மேல சைக்கிளைச் சாய்க்காதம்மா. கீழ படுக்க வெச்சிடு, ஒண்ணும் ஆவாது. அது எல்லைக்கல்லு. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் ஆளுக்கொரு பக்கம் நின்னு நட்டது. இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் புதுச்சேரி. உன் டயர் கிழிஞ்சது புதுச்சேரியில, நீ உக்காந்திருக்கிறது விழுப்புரம் ஜில்லாவுல.

கூட வந்தவங்க டியூப் வாங்கத்தானே போயிருக்காங்க? மெயின் ரோடு போய்த் திரும்பணும்னா ஒரு மணி நேரம் ஆவும். நெழல்ல உக்காரு. சரளை இங்க கொஞ்சம் கூரா கெடக்குது. கடைசி லோடு உடைகல்லைக் கொட்டிட்டானுங்க, நான் அப்பவே சொன்னேன், யாரு கேட்டா. மாசத்துல நாலு டயராவது இந்த எடத்துல போவுது.

என்னா பாக்குற, விசிலையா? நான்தான் இந்தப் பாதைக்குக் காவல். சட்டையில எழுதியிருக்குது பாரு, பாதைக் காப்பாளர்னு. பேரு அஞ்சலாட்சி. புளிச்சங்குப்பம் ஏரியில ஆரம்பிச்சு பழைய சுங்கச்சாவடி வரைக்கும் பதினொரு கிலோமீட்டர். மோட்டார் வண்டி ஒண்ணு வராது. ஒரு ஹாரன் சத்தம் கேக்காது. வர்றவங்க எல்லாம் இங்க வந்துதான் நிப்பாங்க, கண்ணை மூடிக்கினு மூச்சு இழுப்பாங்க, என்னா அமைதின்னுவாங்க. அந்த அமைதியை யாரு கொண்டாந்ததுன்னு இதுவரைக்கும் ஒருத்தர் கேட்டதில்ல. நீயும் கேக்கல. பரவால்ல.

நான் முப்பத்தோரு வருசம் கிராம உதவியாளர். எங்க வூட்டுக்காரருக்கு அந்த வேலை, தலையாரின்னு சொல்லுவாங்க. அவரு பாம்பு கடிச்சு செத்துட்டாரு. அப்ப எனக்கு இருபத்தியேழு வயசு. அவரு வேலையை எனக்குக் குடுத்தாங்க. பொம்பளை தலையாரியான்னு சிரிச்சானுங்க. சிரிக்கட்டும். வர்ற ஒவ்வொரு சர்வேயருக்கும் முன்னால நடந்து கல்லு காட்டினது நான்தான். முள்ளுக்குள்ள கெடக்கும், ஏரித்தண்ணியில முழுகிக் கெடக்கும், ஒருத்தன் வூட்டு மாட்டுத் தொட்டிக்கு அண்டை குடுத்து வெச்சிருந்தான். அறுபத்திரண்டு கல்லு. ஒண்ணொண்ணும் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். ஆனா முப்பத்தோரு வருசமும் ஆபீஸ்ல என்னைக் கூப்பிட்டது எப்படித் தெரியுமா? "ஏம்மா." அவ்வளவுதான். ஏம்மா டீ வாங்கிட்டு வா. ஏம்மா அவனைக் கூட்டிட்டு வா. ரிட்டையர் ஆன அன்னிக்கு சால்வை போட்ட ஆளு பக்கத்துல இருந்தவர்கிட்ட என் பேரைக் கேட்டுக்கினு போட்டாரு.

அதனாலதான் அந்துவான் சார் வந்தப்ப எனக்கு அப்படி இருந்துச்சு.

அந்துவான் செல்வநாதன். புதுச்சேரிக்காரர்தான், தமிழர்தான். பிரான்சுல நாப்பது வருசம் வேலை பாத்துட்டு வந்தாரு. நாலு வருசத்துக்கு முன்ன தை மாசம், இதே எடத்துல, இதே மாதிரி சைக்கிளோட வந்து நின்னாரு. இந்த எல்லை எந்தப் பக்கம் போவுதுன்னு யாருக்காவது தெரியுமான்னு கேட்டாராம். ஊர்ல எல்லாரும் என் வூட்டைக் காட்டியிருக்காங்க. வந்தவரு செருப்பை வெளிய கழட்டிட்டு, "மேடம், எனக்குக் கொஞ்சம் உதவி பண்ண முடியுமா"ன்னு கேட்டாரு. என்னைத்தான் மேடம்னாரு.

ஒரு மாசம் அவரோட நடந்தேன். பிரான்சுலயும் ஜெர்மனி எல்லையோரமா இப்படித்தானாம், முன்ன சண்டை போட்டுக்கினு கெடந்த எடத்துல இப்ப சரளை போட்டு சைக்கிள் வுடுறாங்களாம். வண்டியே கெடயாதாம். இங்கயும் அப்படிப் பண்ணலாம் மேடம்னாரு. நான் அறுபத்திரண்டு கல்லையும் காட்டினேன். சாராயம் கடத்தினவங்க ஒளிஞ்ச பனந்தோப்பு எது, சிப்பாய் நின்ன மேடு எது, எல்லாம் சொன்னேன். அவரு போன்ல எழுதிக்கினே வந்தாரு. ஒவ்வொண்ணுக்கும், "மேடம், நீங்க ஒரு பொக்கிஷம்"னாரு.

கொஞ்சம் இரு.

ஏய் ரங்கநாதா. எறங்கித் தள்ளு. எஞ்சினை ஆஃப் பண்ணிட்டுத் தள்ளிக்கினு போ. எத்தினி வாட்டி சொல்றது.

பாத்தியா? மூஞ்சியத் திருப்பிக்கினு போறான். புல்லுக்கட்டு ஏத்தியிருக்கான், இடுப்பு வலியாம், அதனால மொபெட்டாம். எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கும்மா. ஒருத்தனுக்கு வுட்டா ஊரே வரும். அவன் பொண்டாட்டிக்கு ரேஷன் கார்டு வாங்க நான் எத்தினி நாள் அலைஞ்சேன் தெரியுமா? இப்ப எதிர்ல வந்தா பேசமாட்டான். ஊர்ல பாதிப்பேரு இப்படித்தான்.

எல்லாம் எந்தம்பியால வந்தது.

தம்பி பேரு தெய்வசிகாமணி. என்னைவிட ஒன்பது வயசு சின்னவன். அம்மா சீக்கிரம் போயிட்டாங்க, நான்தான் இடுப்புல தூக்கிக்கினு திரிஞ்சேன். அப்பாவுக்கு ரெண்டு காணி கழனி. அதை முழுசா தம்பி பேருக்கு எழுதி வெச்சாரு. எனக்கு ஒரு குழி நெலம் கெடயாது. புருசன் வேலை வந்துச்சில்ல உனக்குன்னாரு. அதுல எனக்கு எந்த வருத்தமும் இல்ல. ஊர்ல சிலபேரு அதையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பேசுறாங்க, நான் அதைப்பத்தி நெனச்சது கூட கெடயாது. எழுதினது ஒரு புதன்கிழமை. பத்திர ஆபீசுக்கு சாட்சிக் கையெழுத்துக்கு என்னையே கூட்டிக்கினு போனாரு. எனக்கு எந்த வருத்தமும் இல்ல.

அந்தக் கழனி அதோ தெரியுது பாரு, வாய்க்காலுக்கும் இந்தப் பாதை போற கரைக்கும் நடுவுல. இப்ப ஓட்டு வீடு மாதிரி நாலு கட்டி வெச்சிருக்காங்களே, அங்கதான். அந்தப் பக்கம் வாய்க்கால் ஆழம். மத்தவங்க கழனிக்கெல்லாம் ஊர்ப்பக்கம் வழி இருக்குது. அவனுதுக்கு மட்டும் இந்தக் கரைதான் வழி.

பாதைக்கு அனுமதி வந்துச்சு. ரெண்டு பக்கத்து ஆபீசருங்களும் வந்தாங்க, சரளை கொட்டினாங்க, ரோலர் ஓட்டினாங்க. வண்டி வராம இருக்கணும்னா ரெண்டு முனையிலயும், நடுவுல ஊர் வழி ஏறுற எடத்துலயும் கல்தூண் நடணும்னு அந்துவான் சார் சொன்னாரு. சைக்கிள் ஹேண்டில் பார் நுழையற அளவுக்கு எடம் வுட்டு, மூணு மூணு தூணு. எங்க எங்க நடலாம்னு என்னைக் கேட்டாரு. நான் காட்டினேன்.

நடறதுக்கு மொத நாளு தம்பி வூட்டுக்கு வந்தான். "அக்கா, ஊர் வழியில நடற தூணை மட்டும் கொஞ்சம் தள்ளி நடச் சொல்லு. அறுப்பு மெஷின் வர்ற அளவுக்கு வுடச் சொல்லு. வருசத்துக்கு ரெண்டு நாளுதான்"னான். சொல்றேண்டான்னேன். சொல்லணும்னுதான் இருந்தேன். மறுநாள் பாத்தா கார் காரா வந்து நிக்குது. பெரிய பெரிய ஆளுங்க. அந்துவான் சார் என்னைக் கூப்பிட்டு எல்லாருக்கும் முன்னால, "இவங்கதான் அஞ்சலாட்சி மேடம், இவங்க இல்லாம இந்தப் பாதை இல்ல"ன்னாரு. அந்த நேரத்துல போயி எந்தம்பி கழனிக்கு வழி வுடுங்கன்னு எப்படிம்மா கேக்குறது? சொந்தக்காரனுக்காகப் பேசுறான்னு நெனைக்கமாட்டாங்களா? அப்புறம் சொல்லிக்கலாம்னு வுட்டுட்டேன். தூணை நட்டு சிமெண்ட் போட்டுட்டாங்க.

அறுப்பு வந்துச்சு. தை மாசம். அந்த வருசம் பயிரு நல்லா வெளஞ்சிருந்துச்சு, அதையும் சொல்லிடுறேன். ஆத்தூர்ப் பக்கத்துல இருந்து மெஷின் வந்து ஊர்ல எல்லாக் கழனியும் அறுத்துட்டு, கடைசியா இங்க வந்து தூணு முன்னால நின்னுச்சு. டிரைவரு எறங்கிப் பாத்துட்டு, எப்படிங்க போறதுன்னான். தம்பி எனக்கு போன் பண்ணான். நான் அந்துவான் சாருக்கு போன் பண்ணேன். அவரு, "மேடம், ஒரு தடவை தொறந்தா முடிஞ்சுது. வேற வழி இருக்கும், பாக்கச் சொல்லுங்க"ன்னாரு. தம்பிகிட்ட அதையே சொன்னேன். வேற வழி பாருடான்னு. அவன் போனை வெச்சிட்டான்.

மறுநாள் பட்டப்பகல்ல, பன்னெண்டு மணிக்கு, டிராக்டர்ல சங்கிலி கட்டி நடுத்தூணை இழுத்துச் சாய்ச்சுட்டான். நான் அப்ப சாவடிப் பக்கம் நின்னுக்கினு இருந்தேன். யாரோ சொல்லி ஓடியாந்தேன். "என்னடா இது, அரசாங்கச் சொத்துடா"ன்னேன். "அறுத்துட்டு நானே நட்டுக் குடுத்துடுறேங்க்கா, மழை வரும்னு சொல்றாங்க"ன்னான். நட்டுக் குடுப்பான், அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனா என் பொறுப்புல இருக்கிற பாதை. நாளைக்கு என்னைத்தானே கேப்பாங்க? அந்துவான் சாருக்கு போன் பண்ணேன். அவரு யார் யாருக்கோ பண்ணாரு. ஒரு மணி நேரத்துல போலீஸ் வந்துச்சு. மெஷினை நிறுத்திட்டாங்க. தாசில்தார் ஆபீஸ்ல வெசாரணைன்னுட்டாங்க.

வெசாரணைக்கு நானும் போனேன். தாசில்தார் நல்ல மனுசன், சின்ன வயசு. தம்பியைக் கேட்டாரு. "எங்கப்பா காலத்துல இருந்து அந்தக் கரை மேலதான் சார் வண்டி போவுது, எங்க அக்காவையே கேளுங்க"ன்னான். அவரு என் பக்கம் திரும்பி, "நீங்க முப்பத்தோரு வருசம் அந்த ஊர்ல வேலை பாத்திருக்கீங்க. நீங்க சொன்னா நான் எடுத்துக்கறேன். அந்தக் கரை மேல வண்டி போய் வர்ற வழக்கம் உண்டா?" அப்படின்னாரு. உக்காரச் சொல்லிக் கேட்டாரும்மா. அந்த ஆபீஸ்ல நான் நாற்காலியில உக்காந்தது அன்னிக்குத்தான்.

"வரைபடத்துல அது வெறும் கரை சார். வண்டிப்பாதை கெடயாது"ன்னேன்.

"வரைபடம் எங்கிட்ட இருக்குதுங்க. நடைமுறையில கேக்குறேன்."

தம்பி, "சொல்லுக்கா"ன்னான்.

"இல்ல சார்"ன்னேன்.

அவரு கேட்ட கேள்வி சரியில்ல. வழக்கம் உண்டான்னா, அரசாங்க பாஷையில அதுக்கு வேற அர்த்தம். அப்பாவோட மாட்டு வண்டி போனது வாஸ்தவம். அறுப்பு முடிஞ்சா வைக்கோல் ஏத்திக்கினு அந்தக் கரை மேலதான் வரும். தம்பியை மடியில வெச்சுக்கினு அந்த வைக்கோல் மேல உக்காந்து நானே வந்திருக்கேன். அப்புறம் டிராக்டரு வந்துச்சு, மெஷினு வந்துச்சு. அதெல்லாம் வருசத்துக்கு ரெண்டு நாளு. அதைப் போயி வழக்கம்னு எப்படி எழுதிக் குடுக்கிறது? நான் பொய் சொல்லல. எழுத்துல இருக்கிறதைச் சொன்னேன். முப்பத்தோரு வருசமா எழுத்துல இருக்கிறதைத்தான் சொல்லிக்கினு வந்தேன்.

வெளிய வந்தா அந்துவான் சார் கையைப் புடிச்சுக்கினு, "மெர்சி, மேடம், மெர்சி"ன்னாரு. பிரெஞ்சுல நன்றின்னு அர்த்தமாம். தம்பி செருப்பை மாட்டிக்கினு இருந்தான். நிமிந்து, "அப்பா வண்டி எதுல போச்சுக்கா?"ன்னு கேட்டான். சத்தமா கூட கேக்கல. "செத்தவரை எதுக்குடா இழுக்குற"ன்னேன். அவ்வளவுதான் பேச்சு. அதுக்கப்புறம் அவன் என்கிட்ட பேசல.

தூணை அன்னிக்கே திரும்ப நட்டாச்சு. மெஷின்காரன் அடுத்த ஊரு போயிட்டான். ஆளு வெச்சு அறுக்கலாம்னா ஆளு எங்க இருக்குது? எல்லாரும் நூறு நாள் வேலைக்கும் கம்பெனிக்கும் போறாங்க. மூணாம் நாளு மழை புடிச்சுக்கிச்சு. தை மாசத்துல அப்படி ஒரு மழை நான் பாத்ததில்ல. நாலு நாளு. பயிரு அப்படியே படுத்துடுச்சு. தண்ணியில கெடந்த கதிரு அங்கயே மொளைக்க ஆரம்பிச்சிடுச்சு.

மழை வுட்ட ஞாயித்துக்கிழமை சென்னையில இருந்து நாப்பது பேரு சைக்கிள்ல வந்தாங்க. முன்னாடியே ஏற்பாடு பண்ணது. எனக்குப் புது ஷூ குடுத்தாங்க, கையில கட்டிக்க பச்சைப் பட்டை குடுத்தாங்க. நான் இதோ இந்த எடத்துல நின்னு வரிசையா அனுப்பிக்கினு இருந்தேன். கீழ கழனியில எந்தம்பி பொண்டாட்டி பூங்காவனமும் இன்னும் மூணு பொம்பளைங்களும் முழங்கால் சேத்துல நின்னு, படுத்த கதிரை அரிவாளால அறுத்துக்கினு இருந்தாங்க. வந்தவங்கள்ல சிலபேரு நின்னு போட்டோ எடுத்தாங்க. நல்ல பொண்ணுங்கதான், தப்பா ஒண்ணும் இல்ல, கை கூட ஆட்டினாங்க. பூங்காவனம் நிமிந்து பாத்தா. அவங்களைப் பாக்கல, என்னைப் பாத்தா. எவ்வளவு நேரம் பாத்தான்னு தெரியல.

எறங்கிப் போயி நாலு பிடி அறுத்திருக்கலாம். அறுக்கத் தெரியாதவளா நானு? காலுல ஷூ இருந்துச்சு. புதுசு. கூட்டத்தையும் யாராவது பாத்துக்கணும்ல.

அந்த வருசமே கழனியை வித்துட்டான். வழி இல்லாத நெலத்தை யாரு வாங்குவா? ஒரு சென்னைக்காரர் வாங்கினாரு. வாங்கி நாலு வீடு கட்டினாரு, சைக்கிள்ல வர்றவங்க ராத்திரி தங்கிட்டுப் போறதுக்கு. அப்புறம் ஒரு நாளு வந்து பாக்குறேன், ஊர் வழியில நடுத்தூணைக் காணோம். இரும்பு கேட்டு போட்டுப் பூட்டு போட்டிருக்குது. சாவி அவங்க வாட்ச்மேன் கையில. தங்க வர்றவங்க கார் மட்டும் போலாமாம்.

நான் வுடுவேனா? அதே தாசில்தார் ஆபீசுக்குப் போனேன். தாசில்தாரு மாறிட்டாரு. அனுமதி வாங்கியிருக்காங்கம்மான்னாங்க. ஏம்மா, போங்கம்மான்னாங்க. அந்துவான் சாருக்கு போன் பண்ணேன். "அது வேற விஷயம் மேடம், பாதையைப் பராமரிக்க அவங்கதான் உதவி பண்றாங்க"ன்னாரு. எந்தம்பிக்கு ரெண்டு நாளு வுடல, இவங்களுக்கு வருசம் பூரா வுடுறீங்களேன்னு கேட்டிருக்கணும். கேக்கல. வாயி வரைக்கும் வந்துச்சு. இப்ப அவரு பிரான்சுக்கே போயிட்டாரு, பேரன் பொறந்திருக்கானாம். பொங்கலுக்கு ஒரு பூ படம் அனுப்புறாரு போன்ல.

வர்ற வழியில பெரிய போர்டு ஒண்ணு பாத்திருப்பியே, எல்லைப் பாதைன்னு. யார் யாரு பேரோ இருக்கும். கீழ கடைசி வரியில, உள்ளூர் மக்களின் உதவியுடன்னு போட்டிருக்காங்க. அந்த உள்ளூர் மக்கள் நான்தான்.

அதோ வர்றாங்க பாரு உங்க ஆளுங்க, ஏரி மடைகிட்ட. இங்க வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம் ஆவும், அதுக்குள்ள இதையும் கேட்டுடு. இதைக் கேட்டாத்தான் யாரு மேல தப்புன்னு உனக்குப் புரியும்.

தம்பி வூட்டைப் பூட்டிக்கினு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போயிட்டான். ஒரு கம்பெனியில செக்யூரிட்டியாம், பூங்காவனம் அங்கயே கேண்டீன்ல பாத்திரம் கழுவுறாளாம். ரெண்டு வருசமாச்சு. போன் எடுக்கமாட்டான். சரி, மூத்தவ நான்தானே எறங்கிப் போவணும்னு போன மாசம் பஸ் ஏறிப் போனேன். மூணு பஸ்ஸு. அவனுக்குப் புடிக்கும்னு பொரிவிளங்காய் உருண்டை செஞ்சு எடுத்துக்கினு போனேன்.

கேட்டுல அவன்தான் இருந்தான். நீலச் சட்டை, தொப்பி. எளச்சிருந்தான். எனக்கு முன்னால நாலஞ்சு பேரு நின்னாங்க, உள்ள போவ சீட்டு வாங்குறவங்க. நானும் வரிசையில நின்னேன். என்னைப் பாத்துட்டான், அது எனக்குத் தெரியும், கண்ணு ஒரு வாட்டி வந்துட்டுப் போச்சு. என் முறை வந்துச்சு. நோட்டைப் பாத்துக்கினே, "பேரு?"ன்னான். என்னடா இது விளையாட்டுன்னு கேக்கலாம்னு பாத்தேன், பின்னால ஆளுங்க நிக்கிறாங்க. அஞ்சலாட்சின்னேன். "ஊரு?" புளிச்சங்குப்பம்னேன். "யாரைப் பாக்கணும்?" தெய்வசிகாமணியைன்னேன். எல்லாத்தையும் எழுதினான். அடுத்த கட்டத்துல என்ன உறவுன்னு இருந்துச்சு. அதை என்கிட்ட கேக்கவே இல்ல. அவனே எழுதினான். நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினான்.

எனக்குத் தலைகீழாவே படிக்கத் தெரியும்மா, ஆபீஸ்ல அப்படிப் படிச்சே பழக்கம். இருந்தாலும் நேரா ஒரு வாட்டி படிச்சுப் பாத்தேன். ஊர்க்காரர்னு எழுதியிருந்தான்.

கூடப்பொறந்தவ, இடுப்புல தூக்கி வளத்தவ, மூணு பஸ்ஸு ஏறி வந்திருக்கேன். நான் அவனுக்கு என்னாத்தைப் பண்ணிட்டேன்? ஒரு வார்த்தை. இல்லன்னு ஒரே ஒரு வார்த்தை, அதுவும் கேட்டதுக்குத்தானே சொன்னேன். அதுக்குப் போயி ஒரு மனுசன் இப்படி எழுதுவானா?

பேனாவை நீட்டினான். "இங்க கையெழுத்துப் போடுங்கம்மா"ன்னான். பொறந்ததுல இருந்து என்னை நீ வான்னு கூப்பிட்டவன்.

போட்டேன்.